சங்கிலி இல்லாத வாசல்

"வழியை அடைச்சவனுக்கு…" என்று குருவான பெரிய பீர் ஒருமுறை ஏதோ சொன்னார்.

அடைத்தவனுக்கு என்ன? அதுதான் ஷாவெர்திக்கு ஞாபகம் வரவில்லை. வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தான். தோளில், சம்மட்டியால் உடைத்து எடுத்த இரும்புச் சங்கிலி. அதில் ஒரு கை நீளத்துக்குக் காய்ந்து கறுத்த கறை.

ஷரூர் சமவெளியில் சண்டை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அராஸ் ஆற்றங்கரையில் கழுகுகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.

தர்வேஷ் துறவிகளின் மடமான தக்கியா ஆற்றுக்கு இந்தப் பக்கம். வாசலில் நின்று உள்ளே பார்த்தான்.

முற்றத்து மல்பெரி மரத்தடியில் ஒருவன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். சரிகை அங்கி, தோளில் கிழிந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு.

தொகான் பேக்.

ஷாவெர்தி சங்கிலியைத் தரையில் போட்டான். போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த புறாக்களெல்லாம் எழும்பிவிட்டன.

"பீரே! இதென்ன நியாயம்?"

பீர் ஒவைஸ் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். இடது கையில் மணிக்கட்டு வரை மாவு. வலது கை துணிக்கட்டுக்குள் இருந்தது.

"வாங்க அண்ணே. சாப்பிட்டீங்களா?"

ஒவைஸுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஷாவெர்திக்கு ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. ஒவைஸின் வாப்பாவான பெரிய பீரிடம் முரீது வாங்கிச் சீடனானவன். பெரிய பீர் மௌத்தான பிறகு மகனின் கையைப் பிடித்து மறுபடியும் முரீதானான். ஒரு காலத்தில் தன் ஒட்டகத்தின் மேல் மூக்கொழுக உட்கார்ந்து வந்த பிள்ளையை இப்போது 'பீரே' என்றுதான் கூப்பிட வேண்டும். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, இன்றுவரை.

"சாப்பாடு கிடக்கட்டும். இவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கஞ்சி ஊத்தினீங்க?"

"பசிக்குதுன்னார்."

தொகான் பேக் தலை நிமிராமல் சொன்னான்:

"உப்புதான் இல்லை."

ஷாவெர்திக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"உப்பா? உப்பாடா கேக்கறே? அந்தச் சமவெளிக்குப் போ. என் தம்பி கிடந்த மண்ணை நக்கிப் பாரு. உப்பு கரிக்கும்!"

பேக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பவும் எடுத்துக்கொண்டான்.

*

ஷாவெர்தி ஒட்டகக்காரன். தப்ரீஸிலிருந்து மலை தாண்டிச் சரக்கு கொண்டுபோகிறவன்.

வெண்செம்மறிக் கொடிக்காரர்களின் படை வந்தபோது அவனுடைய ஒட்டகங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அவனையும் கூடவே பிடித்துக்கொண்டார்கள். தம்பி தூர்சுன் அதே படையில் ஈட்டி பிடிக்கிறவன். தூர்சுன் என்றால் அவர்கள் பாஷையில் 'தங்கட்டும்' என்று அர்த்தம். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காததால் தாய் வைத்த பெயர்.

எதிரே வருவது செந்தொப்பிக்காரர்கள். அர்தபீல் தர்காவின் இளம் பீரைத் தலைவராகக் கொண்டவர்கள். அவர் பெயரைச் சொன்னால் வாள் வெட்டாது என்று நம்பி, கவசம்கூட இல்லாமல் வருகிறவர்கள்.

அதைக் கேட்டதுமே வெண்செம்மறிப் படையில் பாதிப் பேருக்குக் கால் பின்னால் திரும்ப ஆரம்பித்தது.

படைத்தளபதி தொகான் பேக் ஒரு வழி கண்டுபிடித்தான். படைக்குப் பின்னால் ஒட்டகங்களை வரிசையாக நிறுத்திக் கட்டிவிட்டால், ஓடுகிறவன் எங்கே ஓடுவான்?

ஷாவெர்தி ஒட்டகங்களை நிறுத்தினான். ஒட்டகக்காரர்கள் கட்டுகிற மாதிரியே ஒன்றின் மூக்கணாங்கயிற்றை இன்னொன்றின் சேணத்தில் கட்டினான். அந்தக் கட்டு எப்போதும் கம்பளி நூலில்தான் போடுவார்கள். பேக் குதிரையிலிருந்து குனிந்து அந்த நூலைச் சுண்டு விரலால் இழுத்தான். பட்டென்று அறுந்தது.

"இதென்ன, தொட்டில் கயிறா? இரும்பு போடு."

ஊரில் இருந்த இரும்பெல்லாம் வந்தது. கிணற்றுச் சங்கிலி, கதவுச் சங்கிலி, நாய்ச் சங்கிலி. அதோடு தக்கியாவின் சங்கிலியும் வந்தது.

அது வேறு மாதிரிச் சங்கிலி. தக்கியா வாசலின் குறுக்கே இரண்டு கொக்கிகளில் தொங்கும். ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டவனை ராஜாவே வந்தாலும் தொடக்கூடாது. கொலைகாரனானாலும் சரி. அர்தபீல் தர்கா வாசலிலும் அப்படி ஒன்று தொங்குகிறது. அங்கேயும் அதே வழக்கம்.

ஷாவெர்தி அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். நடுவில் ஒரு வளையம் மட்டும் செம்பு.

வளையங்களைச் சம்மட்டியால் அடித்து மூடினார்கள், ஒட்டகக்காரனே நினைத்தாலும் அவிழ்க்க முடியாதபடி.

சண்டை நடந்த அன்று உச்சி வேளைக்குள் முன்வரிசை உடைந்தது. ஆட்கள் திரும்பி ஓடி வந்தார்கள். ஒட்டகங்களில் வந்து மோதினார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களை நசுக்கினார்கள்.

தூர்சுன் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றான். ஷாவெர்தி இந்தப் பக்கம்.

"அண்ணே, அவிழ்!"

ஷாவெர்தி கல்லால் அடித்தான். பல்லால்கூடக் கடித்துப் பார்த்தான்.

*

"எல்லாம் போகட்டும் பீரே," என்றான் ஷாவெர்தி. "சண்டையில சாவு வரும். தெரியாதவனா நான்? ஆனா இவன் என்ன பண்ணினான் தெரியுமா? வரிசைக் கடைசியில ஒரு சந்து விட்டு வெச்சிருந்தான். ஒரே ஒரு குதிரை போற அளவுக்கு. தனக்கு! தனக்கு மட்டும்!"

பீர் பேக்கைப் பார்த்தார். "அப்படியா?"

"தளபதி பிழைக்கணும்," என்றான் பேக். "தளபதி பிழைச்சாத்தான் இன்னொரு படை திரட்ட முடியும்."

"திரட்டு! திரட்டு! ஆத்தங்கரையில கிடக்கறவங்களை எழுப்பித் திரட்டு!" ஷாவெர்தி மரத்தடிக்குப் பாய்ந்தான். "என் தம்பி பேராவது தெரியுமாடா உனக்கு?"

"படையில எத்தனையோ பேர்."

"தங்கட்டும்னு பேர் வெச்சோம். நீ தங்க வெச்சுட்டே, அங்கேயே."

பீர் நடுவில் வந்து நின்றார். மாவுக் கையை ஷாவெர்தியின் நெஞ்சில் வைத்தார். அவன் அங்கியில் அவர் விரல்கள் வெள்ளையாகப் பதிந்தன.

அப்போதுதான் ஷாவெர்தி அந்த இன்னொரு கையைப் பார்த்தான்.

"கையில என்ன கட்டு?"

"சங்கிலியை எடுக்க வந்தாங்க இல்லையா? நான் பிடிச்சுக்கிட்டேன். ஈட்டிக் கட்டையால ஒரு போடு போட்டாங்க."

"யாரு?"

மரத்தடியில் பேக் கஞ்சிக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

"இவனா? இவன் ஆளுங்களா? உங்க விரலை உடைச்சவனுக்கா…"

"எல்லா விரலும் இல்லை அண்ணே. ரெண்டுதான்."

"பீரே!"

"நல்லவேளை, நீங்களே சங்கிலியைக் கொண்டாந்துட்டீங்க. அதைக் கொஞ்சம் கொக்கியில மாட்டிடுங்க. என்னால தூக்க முடியலை."

ஷாவெர்தி அவரையே பார்த்தான். பிறகு சங்கிலியைக் காலால் ஒரு குவியலாகச் சேர்த்தான். அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"மாட்ட மாட்டேன்."

"சரி."

"சங்கிலி இல்லேன்னா இது தக்கியா இல்லை, வெறும் வீடு. யாரு வேணா உள்ளே வரலாம், யாரை வேணா இழுத்துட்டுப் போகலாம். அதானே வழக்கம்?"

"அதான் வழக்கம்."

"அப்ப வரட்டும்."

*

பீர் மறுபடியும் மாவு பிசையப் போனார். ஒற்றைக் கையால் பிசைகிற மாவு தட்டை விட்டு நகர்ந்து நகர்ந்து ஓடியது.

"பீரே," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான் ஷாவெர்தி. "உங்க வாப்பா ஒண்ணு சொன்னாரே. 'வழியை அடைச்சவனுக்கு'ன்னு. அதுக்கு மேல என்ன?"

"அதுக்கு மேல இல்லை."

"இல்லைன்னா?"

"அன்னைக்கு நானும் பக்கத்துல இருந்தேன். அந்த இடத்துல வாப்பாவுக்கு இருமல் வந்துடுச்சு. தண்ணி குடிச்சார். அப்புறம் ஆட்டுக்குக் குளம்பு நோவு வந்ததைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார்."

"அப்ப மீதி?"

"இருமலோட போச்சு."

"எத்தனை வருஷமா அதை மனசுல வெச்சிருக்கேன் நான்!"

"நானும்தான்."

சமையல்காரி நிசா வாசற்படியில் வந்து நின்றாள். கையில் அகப்பை.

"மீதி எனக்குத் தெரியும்," என்றாள். "வழியை அடைச்சவனுக்குக் கஞ்சி ஊத்தாதே. அவ்வளவுதான்."

"ஊத்தினது நீதானே?" என்றார் பீர்.

"ஊத்தச் சொன்னீங்க, ஊத்தினேன். உப்புப் போடச் சொல்லலையே."

ஷாவெர்திக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாற, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

*

குதிரைகள் வரும் சத்தம் கேட்டது.

செந்தொப்பிக்காரர்கள். பன்னிரண்டு மடிப்பு வைத்த சிவப்புத் தொப்பி. முன்னால் வந்தவன் பெயர் கெனான். தாடியில் தூசி, கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி. வாசலுக்கு வெளியே குதிரையை நிறுத்தினான். உள்ளே மரத்தடியைப் பார்த்தான்.

"ஒத்தைச் செருப்புத் தடம் எங்கே போகுதுன்னு பார்த்துட்டே வந்தோம்," என்றான். "பீரே, அந்த ஆளை வெளியே அனுப்புங்க."

"அவர் தக்கியாவுக்குள்ள இருக்கார்."

கெனான் கொக்கிகளைப் பார்த்தான். இந்தக் கொக்கி, அந்தக் கொக்கி. நடுவில் வெறும் காற்று.

"சங்கிலி எங்கே?"

பீர் ஷாவெர்தியைப் பார்த்தார். கெனானும் பார்த்தான். வாசலில் குவிந்த செந்தொப்பிகள் எல்லாமே பார்த்தன.

ஷாவெர்தி அசையவில்லை.

"அண்ணே," என்றார் பீர். "உங்க இடுப்புல நூல் இருக்கா?"

ஒட்டகக்காரனிடம் நூல் இருக்கிறதா என்று கேட்பது மீனிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. ஷாவெர்தி யோசிக்கக்கூட இல்லை. இடுப்பில் சொருகியிருந்த கம்பளி நூலுருண்டையை எடுத்து நீட்டினான். நீட்டிய பிறகுதான் எதற்கு என்று தோன்றியது.

பீர் நூலை ஒரு கொக்கியில் சுற்றினார். பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். வாசலின் குறுக்கே இழுத்துக்கொண்டு போய் இன்னொரு கொக்கியில் சுற்றினார்.

"பேக், வாங்க. இதைப் பிடிச்சுக்குங்க."

தொகான் பேக் எழுந்து வந்தான். நூலைப் பார்த்தான். குதிரைகளைப் பார்த்தான். இரண்டு கையாலும் நூலைப் பிடித்துக்கொண்டான்.

செந்தொப்பிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இதுவா?" என்றான் கெனான். "பீரே, இதென்ன விளையாட்டு?"

"இப்போதைக்கு இதுதான் இருக்கு."

"எங்க தர்காவில தொங்குறது இரும்பு. அதைப் பிடிச்சவனை நாங்க தொடுறதில்லை. எங்க பீர் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனா நூலைப் பிடிச்சவனை விட்டுட்டு வந்தேன்னு போய்ச் சொன்னா, எங்க ஆளுங்க என் தொப்பியைக் கழட்டிக் கோழிக்குக் கூடு கட்டிடுவாங்க."

கெனான் குதிரையிலிருந்து இறங்கினான்.

"குதிரைங்க வாய்க்கால்ல தண்ணி குடிக்கட்டும். அதுக்குள்ள சங்கிலி கொக்கியில ஏறினா, ஏறினது. நாங்க திரும்பிப் போயிடுவோம். ஏறலேன்னா உள்ளே வருவேன்."

பிறகு ஷாவெர்தியின் பக்கம் திரும்பினான். அவன் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறான் என்பது கெனானுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. கறையும் கண்ணில் பட்டிருந்தது.

"உங்க ஆளு யாராவது அந்தச் சங்கிலியிலயா?"

"தம்பி."

கெனான் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணே, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். இப்படியே உக்காந்திருங்க. மீதியை நாங்க பார்த்துக்கறோம்."

எத்தனை சுலபம்! ஷாவெர்தி கையைக்கூட உயர்த்த வேண்டியதில்லை. இரண்டு நாளாக அவன் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

*

குதிரைகள் வாய்க்காலில் வாய் வைத்தன.

பேக் பிடித்திருந்த நூல் இந்தக் கொக்கியிலிருந்து அந்தக் கொக்கி வரை அதிர்ந்தது. அதை இழுத்துப் பிடிக்கவும் அவனுக்குப் பயம், விடவும் பயம். குழந்தையின் விரலைப் பிடிப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இது… அறுந்துடும்," என்றான் மெதுவாக.

குதிரைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"கொஞ்சம் முறுக்கிக் கட்டக்கூடாதா?"

"கட்டக்கூடாது!" என்று வெடித்தான் ஷாவெர்தி. "நாங்க இப்படித்தான் கட்டுவோம். எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இப்படித்தான் கட்டினாங்க. தொட்டில் கயிறுன்னு சிரிச்சியே. இப்ப பிடிச்சுத் தொங்கு!"

"ஏன் அண்ணே?" என்றார் பீர்.

"என்ன ஏன்?"

"ஏன் அறுந்துபோற மாதிரி கட்டறீங்க? சின்ன வயசுல இருந்து உங்க ஒட்டகத்து மேல உக்காந்து அந்த நூலைப் பார்த்திருக்கேன். கேட்டதே இல்லை."

"இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" ஷாவெர்திக்கு எரிச்சலாக வந்தது. இந்த நேரத்திலா இதைக் கேட்பது? "மலைப் பாதையில போறோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். ஒண்ணு காலு தவறி விழுந்துச்சுன்னா…"

"விழுந்துச்சுன்னா?"

"நூல் அறுந்துடும். அது மட்டும் போகும். இரும்பால கட்டியிருந்தா அது விழும்போது பின்னால இருக்கறதையும் சேர்த்து…"

நிறுத்திவிட்டான்.

பீர் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றார்.

வாய்க்காலில் ஒரு குதிரை தலையைத் தூக்கியது. அதன் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடுத்ததும் தலையைத் தூக்கியது.

ஷாவெர்தி தனக்குக் கீழே கிடந்த சங்கிலியைத் தொட்டான். செம்பு வளையம் கையில் பட்டது. வெயிலில் காய்ந்து சுட்டது. கறை இருந்த இடம் சொரசொரவென்று இருந்தது. இப்போது வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்?

"நான் இவனை மன்னிக்கலை, பீரே."

"மன்னிக்கச் சொல்லி யாரு கேட்டது?"

"மன்னிக்கவும் மாட்டேன். நாளைக்குக் கேட்டாலும் மாட்டேன். மறுமை நாள்ல, மஹ்ஷர்ல கேட்டாலும் மாட்டேன்."

"சரி அண்ணே."

"இவன் நாளைக்கு வெளியே போயி இன்னொரு படை திரட்டுவான். சொன்னானே, கேட்டீங்க இல்லை?"

"கேட்டேன்."

"அப்புறம் என்ன?"

"கொக்கி இருக்கு. சங்கிலி இருக்கு. எனக்கு விரல்தான் இல்லை," என்றார் பீர்.

கடைசிக் குதிரை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. கிழட்டுக் குதிரை. உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கெனான் அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இழுக்கவில்லை.

தொகான் பேக் ஷாவெர்தியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதே," என்றான் ஷாவெர்தி. "நீ வாயைத் திறந்தா நான் உக்காந்துடுவேன்."

அவன் எழுந்து நின்றிருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

சங்கிலியைத் தோளில் தூக்கிக்கொண்டான். வாசலுக்கு நடந்தான். நூல் அறுந்துவிடாமல், அதற்கு மேலாக, முதலில் இந்தப் பக்கமும் பிறகு அந்தப் பக்கமும் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான்.